ஏழாம் நாள் கதவைத் திறந்தவன்

கூடைப்பந்தை நம்பி ஜெர்மனியில் குடும்பம் நடத்தலாம் என்று நினைத்த யாழ்ப்பாணத்தான் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்ன ஊர்க் கழகத்துக்கு ஆடினேன். சம்பளத்தோடு பகலில் ஒரு கிட்டங்கி வேலையும் ஓர் அறையும் தந்தார்கள். மனைவியும் ஒரு வயது மகளும் ஆஹென் நகரில். மனைவி அங்கே முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்துகொண்டிருந்தாள். படிப்பு முடியாமல் அவளால் ஊர் மாற முடியாது. மூன்று ரயில் மாறி ஞாயிறுகளில் போவேன். மகள் என்னைக் கண்டதும் அந்நியனைக் கண்டதுபோல் அழுவாள்.

அந்தக் கோடையில் என் ஒப்பந்தம் முடிந்தது. ஆஹென் கழகமொன்று என்னைக் கேட்டது. துள்ளிக் குதித்துவிட்டு, பிறகுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அதாவது, நான் சுதந்திரமானவன். எந்தக் கழகத்தோடும் பேசலாம். ஆனால் அவர்கள் தருவதை எழுத்தில் பழைய கழகத்துக்குக் காட்ட வேண்டும். அதையே தானும் தருவதாகப் பழைய கழகம் ஏழு நாளுக்குள் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று என் கையொப்பம் வாங்கிவிட்டால், நான் அங்கேயே கிடக்க வேண்டும். மேயலாம், கயிறு அவர்கள் கையில். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தவனை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நானோ ஆஹென்காரரிடம் பெரிய சாமர்த்தியமாகப் பேரம் பேசி, இரண்டு அறை வீடு, பால்கனி, சனி ஞாயிறு இல்லாத வேலை என்று எழுதி வாங்கியிருந்தேன். பழைய கழகம் பார்த்து எழுத வசதியாக நானே விடைத்தாள் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணியோடு தவணை முடிந்துவிடும். காலையில் மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆறு மணி மட்டும் ஆர் வந்தாலும் கதவைத் திறக்காதேங்கோ."

"ஓம், ஓம்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டுத் திறப்பீங்கள்."

"நான் என்ன குழந்தையே?"

"குழந்தையெண்டால் பூட்டு எட்டாது. உங்களுக்கு எட்டும். அதுதான் பயம்."

ஆஹெனுக்கே ஓடியிருக்கலாமே என்பீர்கள். ரயில் நிலையத்தில் கழக ஆட்கள் மறிப்பார்கள் என்று பயந்தேன். வேலைக்குப் போகாமல், திரையை இழுத்து மூடி, குளிர்பெட்டி இரைகிறதென்று அதன் மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டு, ஆறடி மனிதன் சமையலறை மேசைக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கழக மேலாளர். அறுபது வயதுக்காரர். வெளியே நல்ல மழை. தட்டினார், காத்திருந்தார், தும்மினார். மறுபடி தும்மினார். வீடு தேடி வந்த வயதானவர் வாசலில் நனைகிறார், நான் மேசைக்குக் கீழே. இருபது நிமிடம் தாங்கினேன். பிறகு திறந்தேன். திறந்ததோடு விட்டேனா? துவாய் கொடுத்தேன். தேத்தண்ணி ஊற்றினேன்.

நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டுக் கடிதத்தை எடுத்தார். "எல்லாம் ஆஹெனில் தருகிற மாதிரியே. பால்கனிகூட."

"என் மனைவியும் பிள்ளையும் ஆஹெனில் இருக்கிறார்கள்."

"ஒப்பந்தத்தில் மனைவியைப் பற்றி ஒன்றும் இல்லையே," என்றார், மிகவும் அன்பாக. பேனா கொண்டுவர மறந்துவிட்டாராம். என்னுடையதாலேயே கையொப்பம் போட்டேன்.

தொலைபேசியில் மனைவிக்குச் சொன்னேன்.

"தேத்தண்ணியும் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"நல்லாயிருக்கு," என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பருவத்தில் ஆஹெனில் எங்களுக்கு ஓர் ஆட்டம் வந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு எதிரணி ரசிகர்கள் நடுவே இருந்து, நான் பந்தைத் தொட்டபோதெல்லாம் அவர்களோடு சேர்ந்து எனக்கு எதிராகக் கூவினாள். முடிந்ததும் மேலாளர் எல்லோரையும் பேருந்தில் ஏறச் சொன்னார். நான் வியர்வைச் சட்டையோடு எதிர்ப்பக்கம் நடந்து மனைவியிடமிருந்து மகளை வாங்கினேன். வழக்கம்போல் வீறிட்டு அழுதாள். வெளியே பேருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று பிள்ளையோடு வீட்டுக்கு நடந்தேன்.