அப்பாதுரை மன்னிக்கவில்லை

அந்த நாவலை அப்பாதுரை கார் சீட்டுக்கடியில் பலமுறை வீசியெறிந்தார். ஒவ்வொரு முறையும் சபித்துக்கொண்டே குனிந்து எடுத்தார்.

பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் ஓட்டுகிறார். தொம்மலூரில் ஆபீஸ் வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் அவருக்குப் படிப்புதான். பேட்டைச் சங்கத்தில் வாசகர் வட்டம் நடத்தும் சரவணன்தான் இந்த நாவலைக் கொடுத்திருந்தார்.

சின்ன வயதில் சொந்த மாமனால் சீரழிக்கப்பட்ட ஒருவனின் கதை. வளர்ந்து, கல்யாணம் கட்டிய பிறகும், யாராவது பின்னாலிருந்து தொட்டால் அவனுக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். அதைப் படித்ததும் அப்பாதுரைக்கு நாவலை எழுதியவர் மீதே ஆத்திரம் வந்தது. இந்த ஆள் என்னை எங்கே பார்த்தான்?

அதே சங்கத்துக் கபடி டீமில் சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. சிவசங்கரன் மாஸ்டர் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று அறைக்குக் கூப்பிட்டுக் கதவைத் தாழ் போடுவார். அப்பனிடம் சொன்னதற்குக் கன்னத்தில் அறைதான் கிடைத்தது. அதோடு வாயை மூடியவர்தான். பெண்டாட்டி சந்திரம்மா ஆசையாய்த் தோளில் கை வைத்தாலும் எரிந்து விழுவார். பெற்ற மகனைக்கூடக் கட்டிப்பிடித்ததில்லை. ‘எனக்குக் கோவம் ஜாஸ்தி’ என்று தன் குணத்தின்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளினார். அந்தக் கோபத்துக்கு வேர் எங்கே என்று நாவல் காட்டிக்கொடுத்துவிட்டது. கடைசி அத்தியாயத்திலோ, சாகக் கிடக்கும் மாமனுக்கு அவன் தண்ணீர் கொடுத்து மன்னித்துவிடுகிறான். அப்பாதுரை புத்தகத்தை மறுபடி சீட்டுக்கடியில் எறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சரவணன், “மன்னிப்புதாங்க இந்த நாவலோட உயிரு,” என்று ஆரம்பித்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார் காலமான மாஸ்டர்.

அப்பாதுரை எழுந்தார். “அந்த மாமன் மன்னிப்பு கேட்டானா? கேக்காதவனுக்கு எதுக்குத் தூக்கிக் குடுக்கணும்?”

“அண்ணா, கோவப்படாதீங்க. கதைதானே?”

“கதையா?” நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். “இந்த ஆளு என்னை என்ன பண்ணான்னு சொல்றேன், கேளுங்க.”

சொன்னார். பூசி மெழுகாமல் சொன்னார்.

“செத்தவரைப் பத்தி இப்படியெல்லாம்...” என்று யாரோ முனகினார்கள்.

“செத்துத் தொலைஞ்சிட்டானே, அதான்யா எரியுது! இருந்திருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேன்.” படத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

அவர் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்திருந்தது. சந்திரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“நெஜமாய்யா?”

“ம்.”

“இத்தினி வருஷமா என்னைப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேனே! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“எங்கப்பங்கிட்ட சொன்னேன். செவுள்ல ஒண்ணு வச்சாரு.”

சந்திரம்மா மாஸ்டரையும் மாமனாரையும் தமிழிலும் கன்னடத்திலும் தெரு கேட்கத் திட்டித் தீர்த்தாள். அப்பாதுரை படியில் உட்கார்ந்து கேட்டார். தனக்காக இன்னொருவர் கோபப்படுவதை அன்றுதான் பார்க்கிறார்.

மறுநாளே சங்கத்தில் படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, அப்பாதுரை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். “முடியாதுன்னு போய்ச் சொல்லு,” என்றார். இரண்டொரு நாளில் ஒக்கலிபுரத்திலிருந்து போன் வந்தது. பழைய கபடிக் கூட்டாளி கேசவ்.

“துரை, கேள்விப்பட்டேன். மாஸ்டர்கிட்ட நானுந்தாண்டா.”

ஆறுதலாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்பாதுரைக்கோ கோபம் இரட்டிப்பானது. “இன்னும் எத்தனை பேருடா?” என்று போனிலேயே கத்தினார்.

இருவரும் சேர்ந்தே சங்கக் கமிட்டியின் முன்னால் போய் நின்றார்கள். ஒரு வாய்க்கு இரண்டு வாய் ஆனதும் கமிட்டிக்காரர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். சரவணன் மட்டும் அருகில் வந்து, “தெரியாம பேசிட்டேண்ணா,” என்றார். அடுத்த வாரம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்று சொல்லிப் படத்தை எடுத்தவர்கள் திரும்ப மாட்டவேயில்லை. உண்மைக் காரணத்தை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

அந்தப் பொய்யின் மேலும் அப்பாதுரைக்குக் கோபம்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் உண்மைக் காரணத்தை அவரே சொல்லிவருகிறார்.