ஏலத்தோலில் மிச்சமிருந்த எண்ணெய்

கல்யாணமாகி நான் போடிக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கணவருக்கு ஏலக்காய் வியாபாரம். கடையில் உடைந்த காய்களிலிருந்து ஏலரிசி என்கிற விதையை எடுத்துவிட்டுத் தோலை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவார். வெந்நீர் அடுப்புக்கு அதுதான் எரிபொருள். காலையில் தெருவே மணக்கும். கல்லூரியில் வேதியியல் படித்த எனக்கு அந்தப் புகையைப் பார்த்தால் மனசு கேட்காது. தோல் இப்படி மணக்கிறதென்றால் எண்ணெய் இன்னும் அதில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சாப்பாடு பரிமாறும்போது கணவரிடம் சொன்னேன்.

"தோல்லயா? அதுல என்ன இருக்கு?" என்று சிரித்தார்.

ஆனால் மறுநாள் லாரிப் பட்டறையிலிருந்து ஒரு செம்புக் குழாயோடு வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஒரு விசேஷத்துக்காகக் கோம்பைக்குப் போனார்கள். கொல்லையில் அவர்களுடைய குக்கரை அடுப்பிலேற்றி, தோலும் தண்ணீரும் நிரப்பினோம். வெயிட் வைக்கும் இடத்தில் குழாயைச் செருகி மைதா மாவால் அடைத்தேன். குழாய், தண்ணீர் வாளிக்குள் வளைந்து போய் ஒரு கண்ணாடி டம்ளரில் முடிந்தது. வாளித் தண்ணீர் சூடாகச் சூடாக, கணவர் கிணற்றில் இறைத்து மாற்றிக்கொண்டே இருந்தார். டம்ளரில் சொட்டிய தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது. இருவரும் மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கொல்லை வாசலில் மாமியாரின் குரல் கேட்டது.

"ஏலே, எங் குக்கர என்னடா பண்றீக?"

கணவர் என்னைக் கைகாட்டிவிட்டார். நான் பயந்துகொண்டே டம்ளரை நீட்டினேன். மாமியார் மோந்து பார்த்தார்கள்.

"இம்புட்டையுமா இத்தன வருசமா அடுப்புல போட்டோம்?"

எண்ணெயை நான் சின்னச் சீசாவில் எடுத்த பிறகு, அடியில் நின்ற தண்ணீரை மாமியார் வெந்நீரில் கலந்து குடித்தார்கள். சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும் உடம்பு அவர்களுக்கு. சாயங்காலம், "லேசா இருக்குத்தா, அடுத்த வாரமும் போடு" என்றார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் எங்களுக்கு அதுதான் வேலை. வடித்த தோலைக் காயவைத்து அடுப்புக்கும் வைத்துக்கொண்டோம். குக்கரில் வைத்த சோறெல்லாம் பாயசம்போல் மணந்தது; ஒருவரும் குறை சொல்லவில்லை.

விற்கிற அளவுக்கு எண்ணெய் ஒருநாளும் சேரவில்லை. ஆனால் கணவர் அந்தச் சீசாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைவீதியில் பார்ப்பவர்களிடமெல்லாம் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். ஒரு வியாபாரி விலை கேட்டாராம்.

"விக்கிறதுக்கில்லண்ணே, எங்க வீட்ல எடுத்தாக" என்றாராம்.

பக்கத்துக் கடைக்காரர் மனைவி இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னைப்பற்றி வெளியில் அவர் 'எடுத்தாக' என்று மரியாதை கொடுத்துப் பேசுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.