சத்தம் வெட்டிய சண்டை

என் மேசை லாச்சிக்குள் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதில் குச்சிகள் இல்லை, விரல் நகமளவு மெமரி சிப் ஒன்றுதான் கிடக்கிறது. பாட்டோ படமோ அதில் கிடையாது. ஒரேயொரு சண்டை விளையாட்டு, அதுவும் வெட்டிக் குறைத்த ஒன்று. மில்லில் எங்களோடு லொறி ஓடிய சாரதி அண்ணை தந்துவிட்டுப் போனது. அன்பில் தந்தாரா, குத்திக் காட்டத் தந்தாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் குணம் அப்படி. தேங்காய் வாங்கினால் மூன்று தரம் தட்டிப் பார்ப்பேன், உடைத்த பிறகும் முகர்ந்து பார்ப்பேன்.

முள்ளியவளையில் இருந்த அந்த நெல் மில்லில் நான் தராசடியில் எழுதுகிறவன். மதியச் சாப்பாடு முடிந்ததும் சாக்கு அடுக்கின் நிழலில் நானும் சாரதி அண்ணையும் உட்காருவோம். அவருடைய போனை ஒரு தகரப் பேணியில் சாய்த்துவைத்து, ஆளுக்கொரு சின்ன ஜோய்ஸ்டிக்கை இணைத்துக்கொண்டு திரையில் ஒருவரோடொருவர் அடிபடுவோம். முந்தி டிவியில் செருகி விளையாடிய பெட்டிகளின் சண்டை விளையாட்டுத்தான். போனையே அந்தப் பெட்டி போல நடிக்கவைக்க எமுலேட்டர் என்று ஒரு செயலி இருக்கிறது. ஆனால் விளையாட்டு முழுதாக வந்தால் எங்கள் போன்கள் கொள்ளாது. ஆகையால் சந்தியில் இருந்த போன் கடையில் சுருக்கிய பிரதிதான் கிடைக்கும். தொடக்கப் படம் போயிருக்கும், பாட்டு போயிருக்கும், வீரர்களில் இரண்டுபேர் காணாமல் போயிருப்பார்கள். எங்கள் பிரதியில் சத்தமும் இல்லை. இரண்டு ஊமைகள் அடிபடுவதைப் பார்ப்பது போல இருக்கும்.

நாள்தோறும் அவரே வென்றார். நானோ இருபத்தெட்டு வயதுக்காரன், அவருக்கு ஐம்பது நெருங்கியிருந்தது. எப்படி நம்புவது? “கையைப் பாராதை தம்பி, தோளைப் பார். அடிக்கிறவன்ரை தோள் முதல் அசையும்,” என்பார். என் கவனத்தைத் திருப்பத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கள்ள மனம் துள்ளும் என்பார்கள். அவருடைய மனம் துள்ளுவதாகவே தெரியவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

ஆளுக்குக் கொஞ்சம் பெருமை இருப்பதாக எண்ணியிருந்தேன். லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது நாங்கள் “வரட்டும், வரட்டும்” என்று கத்தினால் பிடிக்காது. “கத்தாதையுங்கோ, பலகையிலை தட்டுங்கோ. ஒரு தட்டெண்டால் நிப்பன், ரெண்டெண்டால் வருவன்,” என்று சட்டம் வைத்திருந்தார். இவ்வளவு காலத்தில் அந்த லொறியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் போன் கடைக்குப் போய் மெல்லக் கதையைக் கிளறினேன். கடைக்காரர் ஒளிக்கவில்லை. “சத்தம் உள்ளதும் இருக்குது. அவர்தான் சத்தமில்லாததைத் தாங்கோ எண்டு கேட்டு வாங்கினவர்.”

எனக்கு அது போதுமாக இருந்தது, சத்தம் இருந்தால் தோற்பார் என்று எடுத்துக்கொண்டேன். அக்காவின் கலியாண வீட்டுப் படங்களையெல்லாம் போனில் இருந்து அழித்து இடமெடுத்து, சத்தம் உள்ளதை ஏற்றிக்கொண்டேன். அதில் ஒவ்வொரு வீரனும் பெரிய அடிக்கு முன்னர் தனக்கென்று ஒரு கூச்சல் போடுவான். ஒரு கிழமை இயர்போனைக் கொழுவிக்கொண்டு அந்தக் கூச்சல்களைப் பாடமாக்கினேன்.

பிறகு ஒரு மதியம், “இண்டைக்கு என்ரை போனிலை விளையாடுவம் அண்ணை,” என்றேன். அவர் ஒருகணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓம்” என்றார். சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றார்கள், முதலாளியும் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார். கூச்சல் வர வர நான் தடுத்தேன். மூன்று ஆட்டத்தில் இரண்டு எனக்கு. வெற்றி தலைக்கேறிக் கத்தினேன்.

“பாத்தீங்களோ! சத்தம் கேட்டு விளையாட இந்த ஆளாலை ஏலாது. செவிடன் மாதிரி விளையாடுறார்!”

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அண்ணையின் இடப்பக்கமாக நின்று, “சாரதி” என்று கூப்பிட்டார். அண்ணை ஜோய்ஸ்டிக்கைச் சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். “சாரதி” என்று இன்னொருதரம், பலமாகக் கூப்பிட்டார். எங்கள் முகங்கள் மாறியதைக் கண்டுதான் அவர் திரும்பிப் பார்த்தார். யுத்தத்தின் கடைசி நாட்களில் பக்கத்தில் விழுந்த ஷெல் இடக்காதை அடியோடும் வலக்காதைப் பாதிக்கு மேலும் கொண்டுபோயிருந்தது என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. வேலை போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்.

மறுநாள் லொறியின் திறப்புக் கொத்து வேறொரு சாரதியிடம் இருந்தது. அண்ணை தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க வந்தபோது, போனில் இருந்து சிப்பைக் கழற்றி என் மேசையில் வைத்தார். “எனக்கு இனி ஆரோடை விளையாட்டு? நீ வைச்சிரு,” என்றார். கனகராயன்குளத்தில் யாருக்கோ லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓடுவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை, வெட்கமாக இருந்தது. லொறி ஓடுகிறவனுக்குக் காது கேட்கத்தானே வேண்டும் என்று கண்டவர்களிடமெல்லாம் நியாயம் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும், விளையாட்டுக்குச் சொன்ன சொல்தானே என்றும் சொன்னேன்.

போன கிழமை அந்தச் சிப்பைப் போட்டுப் பார்த்தேன். அடிக்கு முன்னர் தோள் அசையத்தான் செய்கிறது. மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் உள்ளதைச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர், லொறியடியில் நின்ற அவரை இடப்பக்கமாக நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு கெட்ட சொல் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. எனக்குள் சிரித்துக்கொண்டு தராசடிக்கு வந்துவிட்டேன். இதை ஒருவருக்கும் இதுவரை சொன்னதில்லை.

சிப்பைத் திரும்பவும் தீப்பெட்டிக்குள் போட்டேன். என்ன நினைத்தேனோ, பெட்டியைக் காதடியில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அது உருளுகிற சின்னச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.