அம்மாவின் ஆறாவது தொழில்

இன்று காலையும் அம்மா அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டாள். உள்ளிருந்து ஒரு தலையணையை இழுத்து, தட்டி, முகர்ந்தாள். "இதுக்கு என்ன குறை? ஆவி காட்டி நாலு நாள் காயவெச்சா புதுமாப்பிள்ள மாதிரி ஆயிடும்."

பழைய தலையணைகளையும் மெத்தைகளையும் ஆவியில் சுத்தம் செய்து புதுப்பிப்பது அவளுடைய ஆறாவது தொழில். முதல் தொழிலுக்கு அச்சடித்த விசிட்டிங் கார்டுதான் இப்போதும். தொழிலை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு மேலே எழுதுவாள். ஐந்து கோடுகள் விழுந்துவிட்டன. "அக்கா, கார்டுல இடம் இருக்கா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரி கேட்டால், "பின்பக்கம் காலியாத்தான் இருக்கு" என்பாள்.

சாப்பாட்டு மேசையில் பஞ்சு. குளியலறைக் கொடியில் உறைகள். என் கட்டில் பாதி அவளுடைய கிடங்கு. சோற்றில் பஞ்சிழை கிடந்தால், "தனியா எடுத்து வை, வீணாக்காத" என்பாள்.

பின்னறையில் கொதிகலன். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தது. அப்பா அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அழுத்தமானியின் முள் நான்கைத் தொட்டதும் "போதும்மா" என்று கேஸைக் குறைப்பார். அவர் செய்தது அவ்வளவுதான். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வேலையை யாருக்கும் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை.

தொழிற்சாலைகளில் கொதிகலன்களைச் சோதிப்பது என் வேலை. வெடித்தவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒன்றின் மூடி இரண்டு சுவர்களைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை அம்மாவை அழைக்கிறேன். ஐந்து முறை மணி அடிப்பதற்குள் அவள் எடுக்காவிட்டால் உடனே மறுபடியும் அழைப்பேன். "உயிரோடதான் இருக்கேன், வை" என்பாள்.

இன்று ஞாயிறு. மதியம் பின்னறைக்குப் போனேன். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. அதன் நெம்புகோலில் ஒரு பெரிய ஸ்பேனர் கயிற்றில் தொங்கியது. அந்த எடை இருக்கும்வரை வால்வு உரிய நேரத்தில் திறக்காது.

"என்னம்மா இது?"

"ஸ்பேனர். இன்ஜினியரம்மாவுக்கு அதுகூடத் தெரியாதா?"

"எதுக்கு இங்க தொங்குது?"

"சும்மா சும்மா ஊதித் தொலைக்குது. உங்கப்பா இருந்தா பக்கத்துல உக்காந்து கூட்டிக் குறைப்பாரு. எனக்கு ரெண்டு கைதானே? மூணு வாரமா வாயத் தொறக்கல, சமத்தா இருக்கு."

"வெடிச்சா?"

"வெடிக்கிற மூஞ்சியா இது?"

என் குரல் உயர்ந்தது. தொழிலை மூடிவிடச் சொன்னேன். பேச்சில் அப்பாவையும் இழுத்தேன், இழுத்திருக்கக் கூடாது. அவள் உறையை உதறி மடித்தபடியே சொன்னாள்: "மூடிட்டு? சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா? ஒரு வாரம் உக்காந்து பாத்தேன்டி. சுவரு ஒண்ணும் பேசல."

கடைசியில் நான் சோதித்துப் பார்ப்பதென்று ஒப்புக்கொண்டோம். ஸ்பேனரைக் கழற்றினேன். வால்வு நான்கில் திறந்தால் தொழில் தொடரும். திறக்காவிட்டால் இன்றோடு முடிந்தது.

அடுப்பை ஏற்றினேன். அம்மா என் பின்னால் நின்று பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு. மூன்று. இணைப்புகளில் மெல்லிய சீற்றம். நான்கு. வால்வு அசையவில்லை. மூன்று வாரம் திறக்காததில் உப்புப் படிந்து இறுகியிருக்க வேண்டும். நான்கரை. கேஸை மூடக் குனிந்தேன்.

என் சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். அம்மாவுக்கு அவ்வளவு பலம் உண்டென்று எனக்குத் தெரியாது. அறைக்கு வெளியே நடையில் போய் விழுந்தேன்.

கேஸை அணைத்தது அவள்தான். ஆனால் அதற்கு முன்பே கதவைச் சாத்தி, நான் திரும்ப உள்ளே வராதபடி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டிருந்தாள்.