அண்ணன் கட்டிய ஆலயங்களும் கடைசிச் சுவரும்

கர்த்தருக்குள் இளைப்பாறும் என் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் தங்கையின் ஸ்தோத்திரம். அண்ணனைப் பற்றித் தமிழில் எழுத ஆள் தேடினார்கள். சபையில் கடைசியில் மிஞ்சியது நான்தான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இங்கே பர்மாவில், அலோன் பகுதியில், துறைமுகக் கிட்டங்கிகளுக்குப் பின்னாலிருந்த வரிசை வீட்டில். அப்பா துறையில் பாரந்தூக்கி ஓட்டினார். உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு சென்னைக்குக் கப்பலேறியபோது அப்பா அசையவில்லை. அண்ணன் கட்டடக் கலை படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா இறந்துபோனார். வீட்டுப் பாரத்தைத் தலையில் சுமந்துகொண்டே அண்ணன் படித்து முடித்து, அரசாங்க அலுவலகத்தில் குடியிருப்புகளுக்கும் குடோன்களுக்கும் வரைபடம் வரைந்தார். எண்பத்தெட்டாம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு அந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

அமெரிக்க மிஷனரிமார் எப்போதோ கட்டிவிட்டுப் போன சிற்றாலயங்கள் ஊர் ஊராக ஒழுகிக்கொண்டிருந்தன. அவற்றைப் பழுதுபார்க்கப் போனவர் அப்படியே ஆலயம் கட்டுகிறவராகிவிட்டார். ஷ்வேப்யிதாவில் ஆலைத் தொழிலாளருக்கு ஒன்று, படகேறிப் போகவேண்டிய கிராமங்களில் சில. வரைவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு முழுக்க அந்தச் சபையோடு உட்கார்ந்து, ஜனங்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே செருப்பை விடுகிறார்கள் என்று பார்ப்பார். பாயில் உட்கார்ந்து தொழுகிறவர்களுக்கு ஜன்னலைத் தாழ்த்தி வைத்தார். நின்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். உட்கார்ந்தவர்கள் முகத்தில் காற்று பட்டது.

பர்மியத் தச்சர்கள் அவரை 'சயா' என்று மரியாதையாக அழைப்பார்கள். ஆனால் அவர் கட்டிய ஆலயங்களில் அவருக்குப் புரியாத கரேன் மொழியிலோ சின் மொழியிலோதான் ஆராதனை நடக்கும். பிரதிஷ்டை நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தனியாக பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார்.

"என்ன பிரசங்கம்ணே?" என்று கேட்பேன்.

"யாருக்குத் தெரியும்? கூரை ஒழுகல."

பெண் பார்த்தபோதெல்லாம் "இந்தக் கோயில் முடியட்டும்" என்றார். கோயில்கள் முடிந்தன, பெண்கள்தான் காத்திருக்கவில்லை. கணவரை இழந்து நான் அவர் வீட்டுக்கு வந்த பிறகு அடுப்பாவது ஒழுங்காக எரிந்தது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் தமிழில்தான் பேசுவார்.

எங்கள் சபையின் ஆலயம் துறைமுகத்துத் தமிழர்கள் கட்டியது. பெரிய கூடம். காலையில் அங்கே தமிழ் ஆராதனைக்கு வயதானவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். எங்களைக் கூட்டிவந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே நேரம் வெளியே தகரக் கொட்டகையில் பர்மிய மொழியில் ஆராதிப்பார்கள். பெரும்புயலில் அந்தக் கொட்டகை பறந்தது. மழையில் பிள்ளைகள் தாழ்வாரத்தில் நின்றார்கள். கூடத்தைத் தடுத்து இரண்டாக்கித் தரும்படி சபை அண்ணனைக் கேட்டது. ஊருக்கெல்லாம் ஆலயம் கட்டியவருக்குச் சொந்த ஆலயத்தில் கிடைத்த ஒரே வேலை குறுக்கே சுவர் வைப்பது.

பிள்ளைகளுக்குப் பின்பக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அண்ணன் பீடத்தோடு பெரிய பகுதியை அவர்களுக்கும், பின்னாலுள்ள சின்ன அறையை எங்களுக்கும் வரைந்திருந்தார். மூப்பர் தானியேல் மாமா கொதித்துப் போனார்.

"நம்ம தாத்தாமாரு மூட்ட தூக்கிக் கட்டுன கோயிலுப்பா! பீடத்த அவங்களுக்குக் குடுத்துட்டு நாம பின்னாடி போயி ஒக்காரணுமா?"

"அவங்கன்னா யாரு மாமா? ஒங்க பேத்தி மா எஸ்தருதானே பாட்டு நடத்துது."

"அது பர்மாப் பேச்சுலல்ல பாடுது!"

"நீங்க தமிழ் சொல்லிக் குடுத்தீங்களா?"

மாமா கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் எங்கள் ஆட்கள் யாரும் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரோடிருந்த தமிழ்ச் சிநேகிதர்கள் அவ்வளவு பேரும் அந்த ஒரு சுவரில் போனார்கள். "கொஞ்சம் விட்டுக் குடுங்கண்ணே" என்றேன். "எந்தப் பக்கத்துக்கு?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரட்டைப் பலகைச் சுவர் அடித்து, ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கத்துக்கு இடைஞ்சலாகாமல் நடுவில் உமி நிரப்பினார். முதல் ஞாயிறன்று முறைத்துக்கொண்டே எல்லோரும் சின்ன அறையில் உட்கார்ந்து பாட்டெடுத்தோம். பெரிய கூடத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்த எங்கள் குரல் எங்களுக்கே கேட்டது. மாமா பாட்டை நிறுத்திவிட்டு, "நம்ம சத்தம் நல்லாத்தானே இருக்கு" என்றார். அவர் அண்ணனிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் என்னிடம் பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். இருமலுக்கிடையிலும் வார்டு ஜன்னல் உயரத்தைக் குறை சொன்னார். பிறகு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எந்தப் பக்கத்தில் அடக்க ஆராதனை என்று போதகர் கேட்டார். சின்ன அறை போதாது, பெரிய பக்கத்தில் வையுங்கள் என்றேன். ஆராதனை பர்மியத்தில் நடந்தது. முடிவில் மா எஸ்தர் ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடினாள். கையிலிருந்த தாளில் தமிழ்ச் சொற்கள் பர்மிய எழுத்தில் இருந்தன. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தானியேல் மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மருத்துவமனையில் முறை வைத்து உட்கார்ந்தவர்களுக்கும், மழையில் பெட்டியைச் சுமந்த பிள்ளைகளுக்கும், ஷ்வேப்யிதாவிலிருந்து லாரி பிடித்து வந்த தொழிலாளர்க்கும், காலையில் மொஹிங்கா கொண்டுவந்து என்னைச் சாப்பிட வைத்த கீழ்வீட்டு டோ மியா அம்மாவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் போனபின் வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. இந்த மலரை வாங்கும் உங்களில் அநேகருக்கு இதைப் படிக்கவும் தெரியாது. ஆகவே கடைசியில் வரும் அழைப்பை மட்டும் பர்மியத்திலும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். படிக்க முடியாதவர்கள் இந்த மலரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன். எந்த நாளும் வரலாம், நான் வீட்டில்தான் இருப்பேன்.