எதிரே நிற்காமலிருக்கச் சம்பளம்

என் தம்பிக்கு வெளிநாட்டுக் கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் கைப்பேசியைக் காட்டி, ஏதோ ஒரு நாட்டு லீக்கில் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உள்ள உச்சவரம்பை எடுப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டை நடக்கிறது என்றான். நிலத்துக்கு உச்சவரம்பு கேள்விப்பட்டிருக்கிறேன், காலுக்குமா என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. திறமை இருக்கிறவன் கேட்ட காசை வாங்கிவிட்டுப் போகட்டும், இதில் வரம்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பொரிந்து தள்ளிவிட்டு, "மச்சான், நீங்க சொல்லுங்க" என்று என் கணவரைப் பார்த்தான். அவர் எழுந்து போய், ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டிக்கு மோட்டார் போட்டார்.

தம்பிக்கு விஷயம் தெரியும். வாய்தான் முந்திக்கொண்டது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் அப்படி ஒரு வரம்பு இருந்தது. கோடையில் தேனியில் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தில் சுற்றுவட்டார ஊர் அணிகள் எல்லாம் கலந்துகொள்ளும். எந்த ஆட்டக்காரருக்கும் திராட்சைத் தோட்டத்து ஒரு நாள் கூலிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அதன் கட்டுப்பாடு. ஆட வந்ததால் வேலை போயிற்று என்று யாரும் பட்டினி கிடக்கக் கூடாது, ஆட்டத்தையே பிழைப்பாக்கவும் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. கோம்பைக்காரர்கள் அவர்கள் ஊர் நாயைப் போலப் பிடித்த பந்தை விடமாட்டார்கள் என்று கேலி பேசுவோம். கெங்குவார்பட்டிக்காரர்கள் முதல் பாதியில் சும்மா நின்றுவிட்டு இரண்டாம் பாதியில் உயிரை எடுப்பார்கள். கோப்பை எந்த ஊருக்குப் போகும் என்று கடைசி நாள் வரைக்கும் சொல்ல முடியாது. அதற்காகவே கூட்டம் புளிச்சோறு கட்டிக்கொண்டு வரும்.

என் கணவர் அனுமந்தன்பட்டி அணியின் கோல்கீப்பர். உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை. வீட்டில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் வரும். கோலுக்கு நடுவே நின்றால் மட்டும் வாய் மூடாது. முன்னால் நிற்கிற ஒவ்வொருவருக்கும், ஆள் எந்தப் பக்கம் வருகிறான் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த மனுசனுக்குள் இவ்வளவு பேச்சா என்று கல்யாணமான புதிதில் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் குமுளியைத் தாண்டிப் போய்க் அணிக்கு ஏழு பேராக ஆடும் கேரளத்து செவன்ஸ் பந்தயங்களில் ஆட ஆரம்பித்தார்கள். அங்கே திறமைக்குத் தக்க பணம். நம்மிடம் இருப்பவர்களையாவது தக்கவைக்க வேண்டும் என்று பந்தயக் கமிட்டி கூடி, அந்த ஒரு நாள் கூலிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. எல்லா ஊரும் சம்மதித்தது. நானும் சந்தோஷப்பட்டேன். பட்டறையில் கைத்திறனுக்கு ஒரு கூலி, சுத்தியல் எடுத்துக் கொடுப்பவனுக்கு ஒரு கூலி என்று இருக்கும்போது, பந்தில் மட்டும் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது என்ன நியாயம்? இன்றைக்குக் கேட்டாலும் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வருடமே ஒரு ஏலக்காய் வியாபாரி சொந்தமாக அணி சேர்த்தார். நல்ல மனுஷர்தான், பந்துப் பைத்தியம். ஊருக்கு ஒருவராகச் சிறந்தவர்களை அள்ளினார். மலப்புறத்திலிருந்து ஒரு கோல்கீப்பர், திண்டுக்கல்லிலிருந்து இன்னொருவர் என்று இருவரை வாங்கிய பிறகும் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் சொன்ன தொகையில் ஒரு வீட்டுக்கே தளம் போட்டுவிடலாம். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட வேண்டும் என்று நாங்கள் பேசிப் பேசியே கிழவன் கிழவி ஆகிவிடுவோம் என்றிருந்த நேரம். போங்க என்றேன். எங்கள் ஊர் அணியில் கோலுக்கு முன்னால் இடது பக்கம் நின்று தடுக்கும் பேக் ஆடுபவர், வாழைத்தார் ஏற்றும் வேலை செய்பவர், அவரே வந்து, "போயிட்டு வாங்கண்ணே, நாங்களா இருந்தாலும் போயிருப்போம்" என்று சொன்னார்.

இரண்டு கீப்பர் இருக்க மூன்றாவது எதற்கு என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. தம்பிதான் சொன்னான், மச்சானை நிற்க வைக்க வாங்கவில்லை, எதிரே நிற்காமலிருக்க வாங்கியிருக்கிறார்கள் என்று. அவனை வாயை மூடச் சொன்னேன். ஆனால் அதுதான் நடந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் இவர் புது உடுப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஊர்களும் கெட்டன. இருந்த கொஞ்சப் பணத்தை ஒருவரைத் தக்கவைக்கவே கொட்டியதால், மீதி ஆட்டக்காரர்களுக்குப் பழைய ஒரு நாள் கூலிகூடக் கிடைக்கவில்லை. ஓர் ஊர் அணி பாதிப் பந்தயத்தில் வராமலே நின்றுவிட்டது. யார் ஜெயிப்பார் என்று தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க எவன் வெயிலில் வருவான்? கூட்டம் கரைந்தது.

அரையிறுதியில் வியாபாரியின் அணிக்கு எதிரே எங்கள் ஊர் வந்தது. நான் ஊர்க்காரர்கள் பக்கம்தான் உட்கார்ந்தேன். எங்கள் கோலில் நின்றவர் பழக்கமில்லாதவர், வலது பக்கம் பேக் ஆடிக்கொண்டிருந்தவரைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். முதல் பாதி முடியப் போகும் நேரம். வியாபாரியின் ஆட்கள் பந்தை நடுவில் கொண்டுவர, எல்லோருடைய கண்ணும் பந்தின் மேல் இருந்தது. எங்கள் இடது ஓரத்தில் அவர்கள் ஆள் ஒருவன் தனியாக ஓடி வந்ததை யாரும் பார்க்கவில்லை. பெஞ்சிலிருந்து இவர் எழுந்துவிட்டார்.

"ஏலே, எடது பக்கம், எடது பக்கம் ஆளு வாரான்."

மைதானம் முழுக்கக் கேட்டது. யார் குரல், எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமலேயே எங்கள் இடது பேக் திரும்பி, வந்த பந்தை வெளியே உதைத்துவிட்டார். இத்தனை வருடம் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகிய உடம்பு. பிறகுதான் எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். புது உடுப்போடு நின்றுகொண்டிருந்த இவரும், ஏதோ தூக்கத்தில் எழுந்தவரைப் போலத் தன்னையே குனிந்து பார்த்தார்.

இடைவேளையில் வியாபாரி பந்தலிலிருந்து இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீங்க யாரு டீமுல இருக்கீக?" என்று கேட்டார். "பேசுன பணத்துல கொறை வைக்க மாட்டேன். இனிமே வர வேணாம்."

சொன்னபடி முழுப் பணமும் வந்து சேர்ந்தது. அதில் போட்ட தளத்துக்குக் கீழேதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். மழைக்கு ஒழுகுவதில்லை. பிறகு எந்த அணியும் இவரைக் கூப்பிடவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணியவர் என்று அந்தப் பக்கம் பேச்சு, விலை போனவர் என்று இந்தப் பக்கம் பேச்சு. அடுத்த வருடம் எங்கள் ஊர் அணி பேரே கொடுக்கவில்லை. பழைய கட்டுப்பாடு இருந்திருந்தால் இன்னும் நாலைந்து வருடமாவது இவர் நின்றிருப்பார், வீடும் இன்னும் நாலைந்து வருடம் ஒழுகியிருக்கும். இரண்டில் எது வேண்டும் என்று என்னை யாராவது முன்பே கேட்டிருக்கலாம்.

அந்த அரையிறுதியின் இரண்டாம் பாதியில் எங்கள் ஊர் மோசமாகத் தோற்றது. வியாபாரியின் வேன் இவரை ஏற்றாமலே போய்விட்டது. வேனில்தான் போவார் என்று நினைத்து, எங்கள் ஊர்ப் பையன்களும் மினி லாரியை எடுத்துவிட்டார்கள். நானும் இவரும் கம்பம் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. எதுக்குக் கத்துனீக என்று வீரபாண்டி வரும்போதே கேட்டுவிட்டேன். சின்னமனூரைத் தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"இந்த வருசம் நான் தடுத்த பந்து அது ஒண்ணுதான்."