ஏழு மணி வரை தகரம் தட்டக் கூடாது

1. ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை பின்னேரம், கருவாட்டு மணமும் புதுப் பெயின்ட் மணமும் கலந்து கிடந்த எங்கள் கடற்கரை வீட்டுக்குக் கண்டியிலிருந்து இரண்டு பேர் பறவை பார்க்க வந்தார்கள்.

2. சனிக்கிழமை விடியும்போது வாப்பாவும் நானும் அவர்களைக் களப்போரத்து வயலுக்குக் கூட்டிப்போனோம்.

3. நாங்கள் வரம்பில் கால் வைத்ததும் முதல் சீனவெடி வெடித்தது.

4. அதைத் தொடர்ந்து மண்ணெண்ணெய்த் தகரம் ஒலிக்கத் தொடங்கியது, பிறகு நிற்கவேயில்லை.

5. எட்டு மணிக்கு வீடு திரும்பியபோது விருந்தாளிகள் கண்டிருந்த பறவைகள் மொத்தம் இரண்டு. இரண்டும் காகம்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீட்டைக் கட்டிவைத்துவிட்டுத்தான் கல்யாணம் பேசுவார்கள் என்பதால், வாப்பா எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கென்று ஒலுவில் பக்கத்துக் கடற்கரையில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார். ராத்தாவோ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வரும்வரை வீட்டைப் பூட்டிவைப்பானேன் என்று வாப்பா வாசலில் "ஹொலிடே ஹோம்" என்ற பலகையை மாட்டினார். கல்முனையில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடி உம்மா கேட்டார்: "கடலப் பார்க்கக் காசு குடுத்து ஆர் வருவான்?"

அதற்கு வாப்பாவிடம் இருந்த பதில் என் பட்டியல்தான். உம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு, கடலோரத்து உப்பேரியான களப்பை ஒட்டி வயல் இருந்தது. விடுமுறை நாட்களில் அங்கே போகும்போதெல்லாம் நான் கண்ட பறவைகளை இலக்கம், பெயர், இடம், நேரம் என்று நான்கு நிரல் போட்டுக் கொப்பியில் எழுதிவந்தேன். ஒரு வருடத்தில் நாற்பது சேர்ந்தது. "நாப்பது எண்டா மௌத்து வீட்டுக் கணக்கு மாதிரிக் கிடக்கு புள்ள, இன்னொண்டு போடு" என்று, செத்தவருக்கு நாற்பதாம் நாள் ஓதுவதை நினைத்து உம்மா சொன்னதால், பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் கண்டிருந்த பூநாரையை நாற்பத்தொன்றாவதாக எழுதினேன். வாப்பா பட்டியலைப் பெரிய தாளில் எழுதுவித்து, கண்ணாடி போட்டு விறாந்தைச் சுவரில் தொங்கவிட்டார். அதைத் தொலைபேசியில் முழுவதுமாக வாசித்துக் காட்டித்தான் கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான டீச்சரையும் அவருடைய கணவரையும் மூன்று நாட்களுக்கு வரவழைத்திருந்தார்.

அந்த டீச்சர்தான், காகம் இரண்டோடு திரும்பிய காலையில், தேங்காய்ச் சம்பலும் இடியப்பமும் வைத்த மேசையிலிருந்து எழுந்துபோய்ப் பட்டியலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு கோபம் ஏதும் இல்லாமல் என்னைக் கேட்டார்: "மகள், இது நீங்க பார்த்து எழுதினதா, புத்தகத்தப் பார்த்து எழுதினதா?"

"பார்த்துத்தான்" என்றேன். நாற்பதுக்கு அது உண்மை. ஒன்றுக்குப் பொய். நாளைக்கும் இப்படியென்றால் தெற்கே சரணாலயப் பக்கம் போய்விடலாம் என்று அவருடைய கணவர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. அவர்கள் போனால் என் நாற்பதும் பொய்யாகிவிடும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு கவலை இருக்கவில்லை.

வாப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாமாவின் "வாடி"க்கு, அதாவது வயல் காவல் குடிலுக்குப் போனார். மாமா வெற்றி பெற்றவரைப்போல் அமர்ந்திருந்தார். பக்கத்தில் நசுங்கிய தகரம். முதல் நாள் அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு வரும்போது, "மச்சான், நாளைக்குக் கண்டி ஆக்கள் உங்கட வயலுக்கு வருவாங்க, பார்த்துச் செய்ங்க" என்று வாப்பா சொல்லியிருந்தார். மாமா பார்த்துத்தான் செய்திருந்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வெடி, மூன்று மடங்கு தகரம்.

"வெளியூர் ஆக்கள் வரக்குள்ள வயல்ல குருவி மேஞ்சா என்ட மானம் என்னாகும் மச்சான்? ஒரு குருவி இருந்திச்சா, சொல்லுங்க."

"அவங்க குருவி பார்க்கத்தான் வந்திருக்காங்க" என்றார் வாப்பா.

மாமா வாப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். கதிர் பால் பிடித்திருந்த நேரம் அது. நெல்லுக்குருவிக் கூட்டம் ஒரு காலைப்பொழுது இறங்கினால் ஒரு வரம்போரம் முழுதும் பதராகிவிடும். "உங்கட விருந்தாளிக்கு நீங்க சோறு போடுறீங்க, சரி. அவங்கட விருந்தாளிக்கு நானா போடுறது?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. ஆகவே நான் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நேரசூசி போட்டேன். காலை ஐந்தே முக்கால் முதல் ஏழு வரை பறவைகளுக்கு. ஏழுக்குப் பிறகு மாமாவுக்கு. சீனவெடி கிடையாது, தகரம் மட்டும். மாமா அதை இரண்டு தரம் வாசித்தார். "ஏழு எண்டா ஏழு. ஏழு ஒண்டுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லி, தாளை வாடிக் கம்பில் ஆணியடித்தார்.

ஞாயிறு காலை பனி விலகும்போது களப்பு நிறைந்திருந்தது. கொக்கும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் காட்டுத்தாராவும் வந்தன. கூழைக்கடாக்கள் கப்பல்போல இறங்கின. நெல்லுக்குருவிகளும் மாமாவின் கண் முன்னாலேயே வந்து கதிரில் தொங்கின. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்தார். டீச்சர் பெயர் கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒரே வகைப்பாடுதான்: "மூணு சாதி டீச்சர். நெல்லுத் திங்கிறது, மீன் திங்கிறது, சும்மா நிக்கிறது." டீச்சர் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது என் கொப்பியில் இருபத்தொன்பது பெயர்களுக்குச் சரி விழுந்திருந்தது. டீச்சர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் நான் சொல்லிவிட்டேன்: "நாப்பத்தொண்டு நான் பார்க்கல்ல டீச்சர். அது புத்தகத்தில இருந்தது."

டீச்சர் பென்சிலை என்னிடம் தந்தார். "அப்ப அத நீங்களே வெட்டுங்க. மத்தது முழுக்க நான் நம்புறேன்."

வெட்டினேன். ஏழு மணிக்கு மாமா எழுந்தபோது, டீச்சரின் கணவர் கொஞ்சம் கூச்சத்தோடு தகரத்தை ஒரு தரம் தரமுடியுமா என்று கேட்டார். ஒரு தரம் என்றவர் ஏழரை வரை தட்டினார். "சேருக்குக் கை நல்லா ஓடுது. விருந்து முடிஞ்சா இஞ்ச விட்டுட்டுப் போங்க" என்றார் மாமா. இருவரும் மூன்று நாளும் இருந்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த இரண்டு வருடமும் மாசியில் வந்தார்கள்.

நான் இப்போது கட்டட வேலைத்தளங்களில் அளவெடுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதுகிறேன், பார்க்காததை எழுதுவதில்லை. ராத்தா மூன்று பிள்ளைகளோடு அந்தக் கடற்கரை வீட்டில் இருக்கிறாள். பலகை அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின வாரமே இறங்கிவிட்டது. முன்னால் நின்ற தென்னை வரிசையும் மதிலும் கடலோடு போய்விட்டன. வாடிக் கம்பில் இருந்த தாள் எப்போதோ மழையில் கரைந்துவிட்டது. விருந்தாளிகள் யாரும் இல்லை. ஆனாலும் மாமா ஏழு மணிக்கு முன் தகரத்தைத் தொடுவதில்லை. கேட்டால், கை பழகிவிட்டது என்பார். அந்த ஞாயிறே கண்ணாடியைக் கழற்றி நான் பூநாரையை அழித்த பட்டியல் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. அதில் பெயர்கள் நாற்பது. நாற்பத்தொன்றாம் இலக்கம் வெறுமையாக இருக்கிறது.